பல்லுக்குத்தும் புளியாணமும்

சாய்ந்தமருதில் யாராவது மகளுக்குக் கலியாணம் வைப்பதென்றால் முதலில் போய் விசாரிப்பது சீனிமுகம்மதின் வீட்டில்தான். அன்றைக்கு அவருக்கு வேறெங்காவது சமையலுக்குக் கிடாரம் ஏற்றும் வேலை இருந்தால், மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசி நாளைத் தள்ளிவைத்துவிடுவார்கள். மாப்பிள்ளைமார் இதற்காகக் கோபித்ததில்லை. அவர்களும் சாப்பிடுகிறவர்கள்தானே.

அவர் சமைப்பதைவிட ருசி பார்ப்பதுதான் பார்க்கப் பெரிய காட்சி. அகப்பையிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, நக்கி, கண்ணை மூடிக்கொண்டு முகத்தை வானத்துக்கு நிமிர்த்துவார். விறகு தள்ளுபவர், வெங்காயம் உரிப்பவர் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். பிறகு "ஒரு புடி" என்பார். அல்லது "போதும்" என்பார். அதற்கு மேல் யாரும் வாய் திறப்பதில்லை.

இந்த நாக்கோடு குடித்தனம் நடத்தியவள் அவருடைய மனைவி ஸகியா. வீட்டில் அவள் வைத்த எந்தக் கறியையும் சீனிமுகம்மது பேசாமல் சாப்பிட்டதில்லை. உப்புக் கூடிவிட்டது, புளி காணாது, தேங்காய்ப்பால் திரைந்துவிட்டது என்று ஏதாவது ஒன்று வரும். "உனக்கு இரிக்கிறது நாக்கா, பலகத் துண்டா?" என்று ஒருநாள் கேட்டார்.  அடுத்த நாள் ஸகியா அவருடைய தேநீரில் சீனி போடவில்லை.

ஐம்பத்தேழாம் வருஷத்து மாரியில் அவருடைய இடது கடைவாயின் கொடுப்புப் பல் குத்தத் தொடங்கியது. சாதாரணக் குத்தல் அல்ல. காதுக்குள் போய், கழுத்தில் இறங்கி, மறுபடியும் பல்லுக்கு வந்து அங்கேயே குந்திக்கொண்டது. வேறு மாதமென்றால் மட்டக்களப்புக்குப் பஸ் ஏறிப் பல் டாக்டரிடம் வாயைக் காட்டிவிட்டு வந்திருக்கலாம். அந்த மாரியிலோ எங்கு பார்த்தாலும் வெள்ளம். கல்லாற்றுப் பக்கம் றோட்டுக்கு மேலால் தண்ணீர் பாய்கிறது, பஸ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இதற்கிடையில் ஊரின் பெரிய வயற்காரரான முகைதீன்பாவா போடியாரின் மகள் றபீக்காவுக்கு அந்த வெள்ளிக்கிழமை கலியாணம். வயலெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தாலும், குறித்த நாளை மாற்றினால் பரக்கத் இல்லை, விருத்தி வராது என்று போடியார் ஒரே பிடியாக நின்றார்.

பல்லுக்குத்து என்ற செய்தி தெருவில் பரவியதும் மருந்துகள் நடந்து வந்தன. பக்கத்து வீட்டு ஸைனம்பு ஒரு கராம்பைக் கொண்டுவந்து பல்லின் ஓட்டைக்குள் வைத்துக் கடிக்கச் சொன்னாள். சற்று நேரம் சுகமாக இருந்தது. பிறகு குத்தல் கராம்பையும் சேர்த்துக்கொண்டு குத்தியது. உள்ளிப்பூண்டை உப்போடு இடித்து வைத்ததில் பல்லைத் தாங்கும் முரசு வெந்தது. கொய்யாக் கொழுந்தை அவித்துக் கொப்புளித்ததில் வாய் துவர்த்ததுதான் மிச்சம். மீன்வாடி முகம்மது தம்பி, மண்ணெண்ணெயில் பஞ்சை நனைத்து வைக்கலாம் என்றார். அடுப்படியில் வேலை செய்கிறவன் வாயில் மண்ணெண்ணெயோடு போவதா என்று ஸகியா அவரை வாசலோடு திருப்பி அனுப்பினாள். தெருவில் பல்லுள்ளவர்கள் ஒரு மருந்து சொன்னால், பல்லே இல்லாதவர்கள் மூன்று மருந்து சொன்னார்கள்.

"ஒஸ்தா மாமாவக் கூட்டிற்று வாறன். அவர்ட்டக் குறடு இரிக்கி" என்றார் முகம்மது தம்பி, வாசலுக்கு வெளியே நின்றபடி.

ஒஸ்தா மாமா ஊரில் பையன்களுக்குச் சுன்னத் செய்கிறவர். சீனிமுகம்மது வீங்கிய கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "அவர்ர கை வேற வேலைக்குப் பழகின கை. என்ட பக்கமே வரவேணாம்" என்றார்.

வியாழக்கிழமை காலையில் குத்தல் பொறுக்க முடியாமல், கடற்கரை வழியாக நடந்து பாண்டிருப்புக்குப் போனார். அங்கே பூபாலசிங்கம் என்றொரு நாட்டு மருந்துப் பரியாரி இருந்தார். தலைக்கு மேல் வேர்க்கட்டுகள் தொங்கும் கொட்டிலில் அவரை உட்காரவைத்து, பரியாரி வாய்க்குள் எட்டிப் பார்த்தார். அண்ணனுக்குச் சொல்லும் மரியாதைச் சொல்லால் காக்கா என்றே அவரை அழைத்தார்.

"காக்கா, பல்லுல பாதியக் காணல்லியே. எப்ப இருந்து?"

"செவ்வாக்கிழமையில இருந்து."

"செவ்வாக்கிழம குத்தினது. ஓட்ட விழுந்தது எப்ப?"

சீனிமுகம்மது யோசித்தார். இனிப்பு வட்டிலப்பத்தின் அடியை வழித்துத் தின்ற கலியாணங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. "அது கன காலம்" என்றார்.

பரியாரி ஒரு சட்டியில் தணல் போட்டு, காய்ந்த கண்டங்கத்தரி விதையை அதில் தூவி, மேலே ஓட்டைச் சிரட்டையைக் கவிழ்த்தார். ஓட்டையில் பப்பாசித் தண்டைக் குழல்போலச் சொருகி, புகையைப் பல்லில் படும்படி பிடிக்கச் சொன்னார். சீனிமுகம்மது ஆயிரம் அடுப்புப் புகை குடித்தவர். இந்தப் புகைக்கு அவர் கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் கொட்டியது. பிறகு கொப்புளித்துத் துப்பிய தண்ணீரில் வெள்ளையாகச் சிறு துணுக்குகள் மிதந்தன.

"பாத்தீங்களா, புழு!" என்றார் சீனிமுகம்மது, பயமும் பெருமையுமாக.

"ஆக்கள் அப்பிடித்தான் சொல்ற. எனக்கு அது விதைர முளபோலத்தான் தெரியிது" என்றார் பரியாரி. "நான் உண்மையச் சொல்றன் காக்கா. புகை வீக்கத்தக் கொஞ்சம் இறக்கும். அந்தப் பல்லு இனி ஒரு மருந்துக்கும் சரிவராது. வெள்ளம் வத்தினதும் போய்ப் புடுங்கிப் போடுங்க."

"அது சரி. நாளைக்கு எனக்குப் போடியார்ர ஊட்டுக் கலியாணம். நாளைக்கு என்ன செய்ற?"

பரியாரி ஒரு டப்பாவைத் திறந்து, விரல் நீளத்தில் கறுத்த வேர்த்துண்டுகள் சில எடுத்தார். அக்கரகாரம். "ஒரு சின்னத் துண்ட நோகிற பல்லுல வச்சிக் கடிங்க. எச்சில் ஊறும், துப்பிருங்க. நோவு தெரியாது. ஆனா நாக்கு விறைச்சிப் போகும். கவனம். இது கள்ளனக் கட்டிவைக்கிற கயிறு மாதிரித்தான், கள்ளன் ஊட்டுக்குள்ளதான் இரிப்பான்."

சீனிமுகம்மதின் காதில் "நோவு தெரியாது" என்பது மட்டும்தான் விழுந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போடியார் வளவில் கிடாரங்கள் ஏறின. மழை சற்று ஓய்ந்திருந்தது. விறகு ஈரமென்றாலும் கொட்டிலுக்குள் அடுக்கியிருந்த தென்னம்பாளையைப் போட்டுப் பற்றவைத்தார்கள். ஜும்ஆ முடிந்ததும் நிக்காஹ், அதன் பின் சாப்பாடு. சீனிமுகம்மது வேர்த்துண்டைக் கொடுப்பில் ஒதுக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் அப்படியொரு தெளிவு. இறைச்சி நறுக்குகிறவர்களைப் பகிடி பண்ணினார். அரிசி கழுவுகிறவருக்கு ஒரு பாட்டுக்கூடப் பாடிக் காட்டினார். அடிக்கடி வேலியோரம் போய் எச்சில் துப்பிவிட்டு வந்ததைத் தவிர, அவரிடம் ஒரு குறையும் தெரியவில்லை.

புளியாணம் கொதித்தது. நெய்ச்சோற்றுக்குத் தோதாகப் புளிக்கரைசலில் தேங்காய்ப்பால் விட்டு வைக்கும் இந்த ஆணக் குழம்புதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அகப்பையிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினார். கண்ணை மூடினார். முகத்தை நிமிர்த்தினார். எல்லாரும் கையை நிறுத்தினார்கள்.

ஒன்றும் இல்லை. உப்பில்லை, புளியில்லை, காரமில்லை. இளஞ்சூடான மழைத்தண்ணீர்போல இருந்தது.

இன்னொரு சொட்டு நக்கினார். அதே மழைத்தண்ணீர். இறைச்சிக் கிடாரத்துக்குப் போனார். அங்கும் மழைதான் பெய்தது. கன்னத்துக்குள் கையை விட்டு வேரை எடுத்து எறிந்தார். சற்று நேரத்தில் நாக்கு திரும்பி வரும் என்று நினைத்தார். திரும்பி வந்தது பல்லுக்குத்து. நாக்கு வரவில்லை. கண் இருட்டிக்கொண்டு வர, மடியிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து அவசரமாகக் கடித்தார்.

"காக்கா, உப்பு?" என்று கேட்டான் ஆணத்தைத் துழாவிக்கொண்டிருந்த பையன் மசூர்.

"பொறு. இன்னும் கொதிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேலிப் பக்கம் நடந்தார்.

தென்னோலைக் கிடுகு வேலிக்கு அப்பால் பெண்கள் வட்டிலப்பம் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். வேலியின் கிழிசலில் வாயை வைத்து, "ஸகியா, ஸகியா" என்று கூப்பிட்டார். ஸகியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள்.

"என்ன, பல்லுக் குத்துதா?"

"பல்லுச் சுகம். நாக்குச் செத்துப் போச்சி."

"என்ன?"

"வேர் கடிச்சதில விறைச்சிப் போச்சி புள்ள. ஒண்டும் தெரியிதில்ல. மெல்லக் கதை, ஆரும் கேட்டுருவாங்க. இந்தா, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்று கிழிசல் வழியாக அகப்பையை நீட்டினார்.

ஸகியா அகப்பையையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். "நானா? என்ட நாக்கு பலகத் துண்டெல்லோ?"

"அல்லாஹ்வுக்காக, அதெல்லாம் மறுகா கதைப்பம்."

அவள் ஆணத்தை உள்ளங்கையில் விட்டாள். நக்கினாள். கண்ணை மூடி முகத்தை வானத்துக்கு நிமிர்த்தினாள். அப்படியே நின்றாள், தேவைக்கு மேல் நின்றாள். சீனிமுகம்மதுக்கு வியர்த்தது.

"உப்புக் காணாது" என்றாள் கடைசியில். "ரெண்டு புடி போடலாம்."

"ரெண்டு புடியா? நான் கணக்குப் பாத்தெல்லோ போட்டன்?"

"அப்ப என்னத்துக்கு என்னக் கூப்பிட்டீங்க?"

அவர் திரும்பி வந்து உப்புச் சட்டியில் கையை விட்டார். அந்த நேரம் பார்த்து, சாய்மனைக் கதிரையிலிருந்து எழுந்து வருகிறவர்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அச்சிமுகம்மது சமையல் கொட்டிலுக்குள் வந்தார். மாப்பிள்ளைக்கு மாமா. மருதமுனைப் பக்கத்துக் கலியாணங்களுக்கெல்லாம் கிடாரம் ஏற்றுகிறவர். ஒருமுறை சீனிமுகம்மதின் புளியாணத்தை, "இதில மாடு குளிப்பாட்டலாம்" என்று நடுச்சபையில் சொன்னதிலிருந்து இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை.

யாரையும் கேட்காமல் ஒரு சிரட்டையில் ஆணத்தைக் கோரி உறிஞ்சினார் அச்சிமுகம்மது. நாக்கைச் சப்பினார். சால்வை நுனியால் வாயைத் துடைத்தார்.

"உப்புக் கூடிப் போச்சி" என்றார், எல்லாருக்கும் கேட்க.

உப்புச் சட்டிக்குள் சீனிமுகம்மதின் கை நின்றது. கொட்டிலே அவரைப் பார்த்தது. வேலிக்கு அப்பால் ஒருத்தி காணாது என்கிறாள்; இங்கே ஒருவர் கூடிப்போச்சு என்கிறார். ஸகியாவுக்கு அவர்மேல் பல வருஷத்துக் கோபம் இருக்கலாம். அச்சிமுகம்மதுக்கும் அப்படித்தான். ஒருத்தி சொல்லைக் கேட்டு ஆணம் கடல் தண்ணீரானாலும் மானம் போகும். மற்றவர் சொல்லைக் கேட்டுச் சப்பென்று போனாலும் மானம் போகும். பள்ளியில் பாங்கு சொல்லும் நேரமும் நெருங்கிவிட்டது.

அச்சிமுகம்மது மறுபடியும் வாயைத் துடைத்தார். பேசி முடித்த பிறகும் துடைத்தார். பிறகு ஒன்றும் தெரியாதவர்போல வேலியோரம் போய்த் துப்பிவிட்டு வந்தார். சீனிமுகம்மது அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். காலையிலிருந்து அதே வேலியோரம் அவரும் எத்தனை தடவை போய் வந்திருக்கிறார்!

"அச்சிக் காக்கா, மாப்பிள்ளட மாமா நீங்க. தேத்தண்ணி குடிக்காமப் போறதா? இரிங்க" என்றார் சீனிமுகம்மது. கதை இல்லாமல் கிடந்தவர் இப்படிக் கூப்பிட்டதில் அச்சிமுகம்மது திகைத்துப்போய்ப் பலகையில் உட்கார்ந்தார்.

சீனிமுகம்மது ஒரு கோப்பையில் தேயிலைச் சாயம் ஊற்றி, திரும்பி நின்று, உப்புச் சட்டியிலிருந்து நல்லதாக ஒரு பிடி எடுத்துப் போட்டுக் கலக்கினார். அச்சிமுகம்மது நோகாத பக்கத்து வாயால் மெதுவாக உறிஞ்சினார். பாதிக் கோப்பை இறங்கியது.

"எப்பிடி காக்கா?"

"நல்ல சாயம். சீனிதான் கொஞ்சம் கூடிப் போச்சி."

மசூர் வாயைப் பொத்திக்கொண்டு விறகுக் குவியலுக்குப் பின்னால் ஓடினான். சீனிமுகம்மது கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அச்சிமுகம்மதின் காதருகே குனிந்தார்.

"பாண்டிருப்புப் பரியாரியார்ர வேரா?"

அச்சிமுகம்மதின் முகம் மாறியது. சுற்றும் பார்த்தார். "உனக்கு ஆர் சொன்ன?"

சீனிமுகம்மது தன் கன்னத்தை விரலால் விலக்கி, உள்ளே கிடந்த கறுப்புத் துண்டைக் காட்டினார்.

"உனக்குமா?" என்றார் அச்சிமுகம்மது. "புதன்கிழம போன நான். நோவுல நான் அழுதத ஆருக்கும் சொல்ல வேணாமெண்டு அந்த மனிசன்ட்டச் சத்தியம் வாங்கின."

"மெய்தான், என்னட்ட அவர் ஒரு சொல்லும் சொல்லல்ல. ஆனா காக்கா, ருசி தெரியாட்டி என்னத்துக்கு உப்புக் கூடவெண்டு சொன்னீங்க?"

"ஒண்டும் சொல்லாமப் போனா, அச்சிமுகம்மதுக்கு என்ன நடந்ததெண்டு கேக்க மாட்டாங்களா?"

சீனிமுகம்மதுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அச்சிமுகம்மதுக்கும் வந்தது. விறைத்த வாய்களோடு இரண்டு பேரும் எச்சில் ஒழுகச் சிரித்தார்கள். இதென்ன கூத்து என்று இறைச்சி கிண்டுகிறவர் எட்டிப் பார்த்தார்.

"இப்ப என்ன செய்யப் போற?" என்று கேட்டார் அச்சிமுகம்மது கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நாக்கொண்டு இரிக்கி. வேலிக்கு அங்கால."

அவர் ஆணத்தில் இரண்டு பிடி உப்பைப் போட்டார். பிறகு அகப்பையும் கையுமாக வேலிக்குப் போனார். அச்சிமுகம்மது கூடவே வந்து, யாரும் பார்க்காதபடி சால்வையை விரித்து மறைத்து நின்றார்.

"இப்ப?" என்று கிழிசல் வழியாகக் கேட்டார் சீனிமுகம்மது.

ஸகியா ருசி பார்த்தாள். "உப்புச் சரி. ஆனா ஆணம் மொட்டையா இரிக்கி. சீரகத்த வறுத்துத் தூளாக்கி, மாசிக் கருவாட்டில ஒரு புடி இடிச்சிப் போடுங்க."

"புளியாணத்துக்குச் சீரகமா? நான் ஒரு நாளும் போட்டதில்ல."

"அது தெரியும். ஒவ்வொரு கலியாணத்திலயும் குடிச்சிற்றுத்தானே வாறன்."

அச்சிமுகம்மது இருமினார். சீனிமுகம்மது அவரை முறைத்தார். ஸகியா அகப்பையைத் திருப்பிக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொன்னா நம்புவீங்களா, இல்லியா?" என்றாள்.

"நம்பாம என்ன செய்ற."

"அப்பிடிச் சொன்னாப் பத்தாது."

சீனிமுகம்மது கிடுகில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். பள்ளியில் பாங்கு ஒலித்தது. "நம்புறன் புள்ள" என்றார். முதல் தடவையாக அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் பகிடியும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஸகியாவுக்கே அது புதிதாக இருந்தது. முக்காட்டை இழுத்துக்கொண்டு, "இறைச்சியக் கொண்டாங்க பாப்பம்" என்றாள், கொஞ்சம் மெதுவான குரலில்.

இறைச்சிக்கு மிளகு காணாது என்றாள். நெய்ச்சோற்றைத் தொட்டுவிட்டு, இதில் கை வைக்க வேண்டாம், இது உங்கள் நல்ல நாட்களில் ஆக்கியதைவிட நன்றாக இருக்கிறது என்றாள். அதைக் கேட்டதும் சீனிமுகம்மது ஏதோ பரிசு வாங்கியவர்போலக் கொட்டிலுக்கு ஓடி, அவள் சொன்னபடியே சீரகமும் மாசியும் மிளகும் போட்டார்.

நிக்காஹ் முடிந்து ஆட்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். ஆறு ஆறு பேராகச் சோறு நிறைந்த சஹன் தட்டைச் சுற்றிக் குந்தி, பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள். பேச்சு நின்றது. சோற்றுக்குள் விரல் போகும் சத்தமும், ஆணம் உறிஞ்சும் சத்தமும்தான். சீனிமுகம்மது பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பல்லுக்குத்தைவிட அந்தக் காத்திருப்பு பெரிய குத்தலாக இருந்தது.

"ஆணம் கொண்டாங்க!" என்று ஒரு மூலையிலிருந்து குரல் வந்தது. பிறகு இன்னொரு மூலையிலிருந்து. இறைச்சி மிஞ்சியது, புளியாணக் கிடாரத்தைச் சாய்த்துப் பிடித்து வழிக்கவேண்டி வந்தது. கை கழுவிவிட்டு முகைதீன்பாவா போடியாரே கொட்டிலுக்குள் வந்தார்.

"சீனி, எத்தனையோ கலியாணத்தில ஒன்ட ஆணம் குடிச்சிரிக்கன். இண்டைக்கு என்னடா செஞ்ச?"

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். அச்சிமுகம்மது சால்வையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். சீனிமுகம்மது ஒரு வார்த்தை சொன்னால் போதும், புகழ் முழுவதும் அவருக்குத்தான்.

"போடியார், கைதான் என்ட. நாக்கு என்ட ஊட்டுக்காரிட" என்றார் சீனிமுகம்மது.

போடியார் விழுந்து விழுந்து சிரித்தார். எல்லாரும் அதைப் பகிடியாகத்தான் எடுத்தார்கள். வேலிக்கு அப்பால் ஸைனம்பு, "என்னகா, ஒன்ட மாப்பிள்ள சபையில ஒன்னப் பத்திக் கதைக்காரு" என்று ஸகியாவின் இடுப்பில் கிள்ளினாள். ஸகியா வட்டிலப்பத்தை இன்னும் மும்முரமாக வெட்டினாள். அன்றைக்கு அவள் வெட்டிய துண்டுகள் வழமையைவிடப் பெரிதாக இருந்தன என்று பிறகு பெண்கள் சொன்னார்கள்.

வெள்ளம் வடிந்து பஸ் ஓடத் தொடங்கியதும், சீனிமுகம்மதும் அச்சிமுகம்மதும் ஒரே பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போனார்கள். பல் டாக்டரின் அறைக்கு வெளியே நீளமான வாங்குப் பலகையில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கதவு திறந்தது.

"போங்க காக்கா. நீங்க மூத்தவர்" என்றார் சீனிமுகம்மது.

"இல்ல, இல்ல. மாப்பிள்ள ஊட்டாக்கள் முந்திக்கொண்டு போறது மரியாதயில்ல."

"கலியாணம் முடிஞ்சி போச்சே."

"உறவு முடிஞ்சா போச்சி? நீ போ."

இவர்களுடைய மரியாதை முடிவதாக இல்லை என்று கண்ட நேர்ஸ், கைக்கெட்டிய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அது அச்சிமுகம்மதின் கை. உள்ளேயிருந்து ஒரு பெரிய சத்தம் வந்தது. சீனிமுகம்மது எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் வாசல் படலைவரை போய்விட்டார். அங்கே நிற்கையில் பல் ஒரு குத்துக் குத்தியது. யோசித்துப் பார்த்துத் திரும்பி வந்தார்.

பின்னேரப் பஸ்ஸில் இரண்டு பேரும் வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறக்கக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. களுவாஞ்சிக்குடியில் ஏறிய ஒரு மனிதர் இவர்களை அடையாளம் கண்டு, மகளுக்குக் கலியாணம் வருகிறது, ஒரு மூடை அரிசிக்கு எத்தனை போத்தல் நெய் விடவேண்டும் என்று கேட்டார்.

அச்சிமுகம்மது மூன்று விரல்களைக் காட்டினார். சீனிமுகம்மது தலையை ஆட்டி, நான்கைக் காட்டினார். அச்சிமுகம்மது முகத்தைச் சுளித்து, மறுபடியும் மூன்றைக் காட்டி, அதில் ஒரு விரலை மடக்கப் போவதுபோலவும் பயமுறுத்தினார். சீனிமுகம்மது இருக்கையில் எழும்பி நின்று, நான்கு விரல்களையும் அவருடைய மூக்குக்கு நேரே பிடித்தார். கேட்ட மனிதர் ஒருவர் கையையும் மற்றவர் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பஸ் கல்முனையில் வந்து நிற்கும்வரை அந்த விரல்கள் இறங்கவேயில்லை.